மங்கலும் மழுப்பலும்

நம்மிடையே 'மங்கல்' என்பது ஒரு பாராட்டுச் சொல்லாகிவிட்டது. கவிதை புரியவில்லையா, அது மங்கலாக இருக்கிறது, ஆகவே ஆழமாக இருக்கிறது. ஓவியத்தில் முகம் சரியாகத் தெரியவில்லையா, உடனே காலம், நினைவு, இழப்பு எல்லாம் அங்கே குடியேறிவிடுகின்றன. இந்த வழக்கில் அடிக்கடி சாட்சிக்கு இழுத்துவரப்படுகிறவர் ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர். புகைப்படங்களைப் பார்த்து வரைந்து, வரைந்ததைக் கலைத்துவிட்டவர். அவருடைய சாட்சியம், அவரைக் கூட்டிவந்தவர்களுக்கு எதிராகவே இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் காரியம் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். 1960-களில் ரிக்டர் பத்திரிகைகளிலிருந்தும் குடும்ப ஆல்பத்திலிருந்தும் புகைப்படங்களை எடுத்துக்கொண்டார். ஒரு கருவியின் மூலம் படத்தைக் கான்வாஸின் மேல் ஒளியாக விழச்செய்து, கோடுகளை எடுத்து, சாம்பல் நிறங்களில் உள்ளது உள்ளபடி தீட்டினார். வண்ணம் காய்வதற்கு முன் உலர்ந்த தூரிகையை அதன் மேல் இழுத்தார். விளிம்புகள் கரைந்தன. ஆக, மங்கல் கடைசி வேலை. அதற்கு முன் ஒரு தெளிவான படம் அங்கே இருந்தாக வேண்டும். கேமரா அசைந்ததால் வரும் மங்கல் விபத்து, இது தீர்மானம். நம் கவிஞர்களோ முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குகிறார்கள். ஒன்றுமே வரையாத இடத்தில் எதை அழிப்பது?

இன்னொன்று. 'ரூடி மாமா' என்ற படம் 87 செ.மீ. உயரம், 50 செ.மீ. அகலம். அதைக் கைபேசித் திரையின் அளவுக்குச் சுருக்கினால் மங்கல் இறுகி, விளிம்புகள் கூடிவந்து, கிட்டத்தட்டப் பழைய புகைப்படமாகவே ஆகிவிடுகிறது. நம்மில் பெரும்பாலோர், நான் உள்பட, பிரதிகளில்தான் இவற்றைப் பார்த்திருக்கிறோம். பிரதியில் பார்த்தவர்கள் 'மங்கலின் தரிசனம்' பற்றிக் கொஞ்சம் அடக்கமாகப் பேசலாம்.

1965-ல் அவர் தீட்டிய மூன்று படங்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது இந்த 'ரூடி மாமா'. அம்மாவின் சகோதரர். ராணுவத்தின் நீண்ட கோட்டைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார், போரில் இறந்தவர். இரண்டாவது 'மாரியான் சித்தி'. அம்மாவின் தங்கை, 14 வயதில். கூட இருக்கும் கைக்குழந்தை ரிக்டரேதான். பின்னாளில் மனநோயாளி என்று முத்திரை குத்தி, 1938-ல் நாஜி அரசு அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. 1945-ல் ஒரு மனநோய் விடுதியில் சாகடித்தது. மூன்றாவது 'திருவாளர் ஹைடே'. வெர்னர் ஹைடே, மனநோயாளிகளைக் கொல்வதற்கான அரசுத் திட்டத்தின் மருத்துவத் தலைவராக இருந்தவர். 1941 ஆகஸ்டுக்குள் அந்தத் திட்டத்தின் நச்சுவாயு அறைகளில் சுமார் 70,000 பேர் மாண்டார்கள். போருக்குப் பின் வேறு பெயரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்து, 1959-ல் சரணடைந்து, 1964-ல் விசாரணை தொடங்குமுன் சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

பலியானவளுக்கும் பலிக்கு ஏற்பாடு செய்தவருக்கும் ஒரே தூரிகை. இதைக் கருணை என்று எழுதுகிறார்கள். யாரிடம் கருணை? எல்லாமே ஒரே அளவு முக்கியமாகவும் முக்கியமற்றதாகவும் ஆகட்டும் என்றுதான் கலைக்கிறேன் என்ற பொருளில் ரிக்டரும் சொல்லியிருக்கிறார். கலைஞன் தன் வேலையைப் பற்றிச் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. படத்தைப் பார்க்க வேண்டும். 'ஹைடே' படத்தின் அடியில் பத்திரிகையின் விளக்க வரியையும் சேர்த்தே தீட்டியிருக்கிறார்: ஆளின் பெயர், 1959 நவம்பர், அதிகாரிகளிடம் சரணடைந்த செய்தி. முகம் கரைகிறது, பெயரும் தேதியும் நிற்கின்றன. மூலப் புகைப்படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதில் கொலைகாரர் தெரியப்போவதில்லை. ஒரு சாதாரண மனிதர்தான் தெரிவார். பார்த்துவிட்டோம், தெரிந்துகொண்டோம் என்று அந்தத் துல்லியம் தருகிற போலி நிம்மதியைத்தான் தூரிகை எடுத்துவிடுகிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. பேரேட்டில் தப்பாக எழுதிய தொகையைச் சுரண்டக் கூடாது என்பது எங்கள் பாலபாடம். பழைய எண் தெரியும்படி ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், திருத்தியவரின் சுருக்கொப்பம். சுரண்டியிருந்தால் அதற்குப் பெயர் திருத்தம் இல்லை, மோசடி. மங்கலுக்கும் மழுப்பலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் பிடிபடுகிறது.

ரிக்டரே இந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிற இடமும் உண்டு. 'மாரியான் சித்தி'யில் அவளுடைய முடிவு எழுதப்படவில்லை. பார்த்தவர்களுக்கு ஒரு பெண், ஒரு குழந்தை, அவ்வளவுதான். யூர்கன் ஷ்ரைபர் என்ற பத்திரிகையாளர் ஆவணங்களைத் தோண்டி 2005-ல் புத்தகமாக எழுதியபோதுதான் முழுக் கதை வெளிச்சத்துக்கு வந்தது. ரிக்டரின் முதல் மாமனார் எஸ்.எஸ்.ஸில் இருந்த மருத்துவர், டிரெஸ்டன் மருத்துவமனையொன்றில் கட்டாயக் கருத்தடைகளுக்குப் பொறுப்பாயிருந்தவர் என்பதும் அதில் ஒரு பகுதி. அந்தப் படத்துக்கு அதன் முழுக் கனத்தைக் கொடுத்தது தெளிவான, தேதியிட்ட உரைநடை. மங்கலின் பக்தர்கள் இதைச் சொல்வதே இல்லை.

1988-ல் அவர் தீட்டிய 15 படங்களுக்குத் தலைப்பு ஒரு தேதி: '18 அக்டோபர் 1977'. ஸ்டாம்ஹைம் சிறையில் ஆயுதக் குழுவொன்றின் மூவர் இறந்த நாள். தற்கொலை என்றது அரசு, கொலை என்றார்கள் ஆதரவாளர்கள். அதற்கு முந்தின வருஷம் அதே சிறையில் இறந்த உல்ரிகே மைன்ஹோஃபின் உடலை மூன்று முறை, சிறிதாகிக்கொண்டே போகும்படி வரைகிறார். பார்க்கப் பார்க்க ஒன்றும் நிச்சயப்படுவதில்லை. ஆனால் எந்த நாளைப் பற்றி நிச்சயமில்லை என்பது மிக நிச்சயம்.

2014-ல் இந்த உத்தியும் போதாமல் போயிற்று. 1944 ஆகஸ்டில் பிர்கனௌ வதைமுகாமில் கைதிகளே ரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்களைக் கான்வாஸில் ஏற்றினார். அவற்றை மங்கலாக்கி முடிக்கவில்லை. மேலே வண்ணத்தை அப்பி, சுரண்டி, மறுபடி அப்பி முற்றாக மூடிவிட்டார். மிஞ்சியவை நான்கு அரூப ஓவியங்கள். இதுவும் சுரண்டல்தானே என்று கேட்கலாம். தலைப்பு 'பிர்கனௌ' என்ற ஊரின் பெயர். அவற்றோடு மூலப் புகைப்படங்களின் பிரதிகளையும் காட்சிக்கு வைத்தார். மூடியது எது என்பதை மூடவில்லை. அரை நூற்றாண்டு கைவசமிருந்த உத்தியை, அது தாங்காத இடத்தில் கீழே வைத்தார்.

நம்மவர்களுக்கு அந்த உத்தி எல்லாவற்றையும் தாங்குகிறது. 'ஏதோ ஒரு ஊர்', 'யாரோ ஒருவன்', 'என்றோ ஒரு நாள்' என்று ஒரு தொகுப்பையே முடித்துவிட முடிகிறது. செத்தவன் பெயர் கவிஞருக்கும் தெரியாது, விமர்சகருக்கும் தேவையில்லை. யார், எங்கே, என்றைக்கு என்பதை முதலில் எழுதட்டும். கலைக்க வேண்டியதைக் கலைப்பது அதற்குப் பிறகு.