வெறும் பேச்சா?

"ஜெனீவாவில் காபி குடித்துக் கலைவதுதான் ஆயுதக் குறைப்பு" என்று எழுதுகிறார் நண்பர். பாதி சரி. அங்கே கூடும் ஆயுதக் குறைப்பு மாநாட்டில் 65 நாடுகளில் ஒன்று முரண்டு பிடித்தாலும் தேர் நகராது. 1996-இல் அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையை அப்படி மறித்தது இந்தியா (அதை ஏனோ அவர் சொல்லவில்லை). பிறகு அது ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது, நடைமுறைக்குத்தான் இன்னும் வரவில்லை.

ஆனால் "ஒரு தோட்டாகூடக் குறையவில்லை" என்பது வடிகட்டிய பொய். நாடுகள் கணக்குக் காட்டிய 72,000 டன்னுக்கும் மேற்பட்ட இரசாயன ஆயுதங்கள் சர்வதேச ஆய்வாளர்களின் மேற்பார்வையில் அழிக்கப்பட்டன. கடைசியாக அழிந்தது, 2023 ஜூலையில் கென்டக்கியில், சாரின் நிரப்பிய ஒரு ராக்கெட்.

இரசாயன ஆயுதக் கணக்கில் சிரியா ஏமாற்றியதே என்பார் நண்பர். ஏமாற்றியதுதான். அதன் கணக்கில் ஓட்டை இருப்பதை அம்பலப்படுத்தியதும் அந்த ஆய்வாளர்களின் அமைப்புதானே?