மறுபடியும் அதே கதையா? படிக்கட்டும்!

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. கையில் ஒரு சின்னப் புத்தகம். அட்டையில் சிறகு முளைத்த தேவதை. நேற்றும் அதே மாதிரிப் புத்தகம்தான். அதற்கு முந்திய நாளும் அதே மாதிரிதான்.

"மறுபடியும் இதுதானா? எல்லாம் ஒரே கதை! வேறு நல்ல புத்தகமாக எடு" என்கிறாள் தாய்.

சிறுமியின் முகம் வாடி விடுகிறது. புத்தகத்தை மூடி வைத்து விடுகிறாள். வேறு புத்தகம் எடுத்தாளா? இல்லை. எழுந்து விளையாடப் போய் விட்டாள்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எத்தனையோ வீடுகளில் நடக்கிற காட்சி இது. அந்தத் தாய் சொன்னது உண்மை. எல்லாம் ஒரே கதைதான். ஆனால் அவள் செய்தது சரியா என்றால், சரியல்ல. அதற்குக் காரணம் உண்டு.

ஏழு சகோதரிகள்

இங்கிலாந்தில் 2003-ம் ஆண்டு சிறுவர்களுக்கான புத்தக வரிசை ஒன்று வெளிவரத் தொடங்கியது. அதன் பெயர் "ரெயின்போ மேஜிக்". தமிழில் சொன்னால் "வானவில் மாயம்".

கதை இதுதான்: ஏழு தேவதைகள். ஏழு பேரும் அக்காள் தங்கைகள். வானவில்லில் ஏழு நிறங்கள் அல்லவா? ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம் சொந்தம்.

தேவதை உலகத்தில் ஒரு பெரிய விருந்து. ஜாக் பிராஸ்ட் என்பவனுக்கு அழைப்பு இல்லை. அவன் பனிக்கு அதிபதி. அவனுக்குக் கோபம் வந்து விட்டது. ஏழு சகோதரிகளையும் சபித்து, மனிதர்கள் இருக்கும் ஒரு தீவுக்குத் துரத்தி விட்டான். அவ்வளவுதான். தேவதை உலகத்தில் நிறமே இல்லாமல் போய் விட்டது!

அந்தத் தீவுக்கு ரேச்சல், கிர்ஸ்டி என்ற இரண்டு சிறுமிகள் விடுமுறைக்கு வருகிறார்கள். படகில்தான் இருவருக்கும் சிநேகம் ஏற்படுகிறது. தீவில், வானவில் முடியும் இடத்தில், ஒரு பானை கிடக்கிறது. அதற்குள் அகப்பட்டுக் கிடக்கிறாள், சிவப்பு நிறத் தேவதை ரூபி. மற்ற ஆறு சகோதரிகளையும் தேடும் பொறுப்பு இரண்டு சிறுமிகளின் தலையில் விழுகிறது.

ஒரு புத்தகத்தில் ஒருத்தி கிடைப்பாள். ஏழு புத்தகம் முடிந்தால் ஏழு பேரும் ஒன்று சேர்ந்து விடுவார்கள்.

ஏழு புத்தகத்தோடு நின்றதா? நிற்கவில்லை. வானிலைத் தேவதைகள் வந்தார்கள். ரத்தினத் தேவதைகள் வந்தார்கள். செல்லப் பிராணித் தேவதைகளும் வந்தார்கள். இன்று அந்த வரிசையில் 200-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் உண்டு.

எழுதியது யார்?

அட்டையில் "டெய்சி மெடோஸ்" என்ற பெயர் இருக்கும். அப்படி ஒரு அம்மாள் கிடையாது!

லண்டனில் உள்ள ஒரு நிறுவனம் கதையைத் திட்டம் போட்டுக் கொடுத்தது. அதை வைத்துப் பலர் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் நரிந்தர் தாமி. இந்தியத் தந்தைக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். எழுத்தாளர் ஆவதற்கு முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர்.

ஒரே கதை, எழுதும் கைகள் பல. இதைக் கேட்டதும் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "இது புத்தகமா, இட்லித் தட்டா? ஒரே அச்சில் வார்த்து எடுக்கிறார்களே!" என்று கேலி செய்கிறார்கள்.

ஆனால் குழந்தைகள் கேலி செய்யவில்லை. 2010-ம் ஆண்டை ஒட்டிய வருடங்களில், இங்கிலாந்து நூலகங்களில் அதிகமாக இரவல் போன எழுத்தாளர்களின் பட்டியலில் இந்த இல்லாத அம்மாளின் பெயர் முன்வரிசையில் இருந்தது. அத்தனை பிள்ளைகளுக்குமா புத்தி இல்லை?

நடுவில் ஒரு பள்ளம்

ஒரு குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு விட்டது. படப் புத்தகத்தைப் படித்து முடிக்கிறது. அடுத்தது என்ன? முந்நூறு பக்கக் கதைப் புத்தகமா? அதைத் தூக்கினாலே குழந்தைக்குப் பயம் வந்து விடும்.

படப் புத்தகத்துக்கும் பெரிய புத்தகத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் விழுந்து, படிப்பையே வெறுத்து விடுகிற பிள்ளைகள் பலர். எழுத்துத் தெரியும், ஆனால் படிக்க மாட்டார்கள். பிறகு பாடப் புத்தகமும் பாரமாகி விடுகிறது. கணக்கைக்கூடப் போடத் தெரியாமல் இல்லை. கணக்கில் என்ன கேட்டிருக்கிறது என்று படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கிறார்கள்.

அந்தப் பள்ளத்தின் மேல் போடும் பாலம்தான் இந்தச் சின்ன அத்தியாயப் புத்தகங்கள். எழுத்து பெரியதாக இருக்கும். அத்தியாயம் சிறியதாக இருக்கும். இடையிடையே படம் இருக்கும். ஒரே மூச்சில் ஓர் அத்தியாயம் முடிந்து விடும்.

இப்படிப் பாலம் போடுவது புதிதும் அல்ல. அமெரிக்காவில் 1954-ம் ஆண்டு ஜான் ஹெர்சி என்ற எழுத்தாளர், "லைப்" பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பள்ளியில் கொடுக்கும் வாசகப் புத்தகங்கள் உப்புச் சப்பு இல்லாமல் இருக்கின்றன, பிள்ளைகள் எப்படி ஆசையோடு படிப்பார்கள் என்று கேட்டார்.

அதன் விளைவாக டாக்டர் சூஸ் என்ற சிறுவர் எழுத்தாளர், "தொப்பி போட்ட பூனை" கதையை எழுதினார். 1957-ம் ஆண்டு வெளிவந்தது. அந்தப் புத்தகம் முழுவதிலும் உள்ள வெவ்வேறு சொற்கள் 236-தான்! திரும்பத் திரும்ப அவையே வரும். அந்த 236 சொற்களை வைத்துக்கொண்டு அவர் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். படிக்கவும் வைத்தார்.

திரும்பப் படித்தால் என்ன ஆகும்?

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜே சாமுவேல்ஸ் என்ற பேராசிரியர் இருந்தார். 1979-ம் ஆண்டு அவர் ஒரு முறையை விளக்கி எழுதினார். தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளையிடம் ஒரு சிறு பகுதியைக் கொடுக்க வேண்டும். அதையே தடங்கல் இல்லாமல் படிக்கும் வரை மறுபடியும் மறுபடியும் படிக்கச் செய்ய வேண்டும். பிறகு அடுத்த பகுதி.

இதில் ஒரு வேடிக்கை. அடுத்த பகுதி புதிது. இருந்தாலும் அதை முதல் தடவை படிக்கும்போதே வேகம் கூடியிருந்தது. திரும்பப் படிக்க வேண்டிய தடவைகளும் குறைந்துகொண்டே வந்தன!

காரணம் எளிது. புதிதாகச் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு மிதிகட்டையிலும் கைப்பிடியிலுமே கவனம் முழுவதும் போய் விடும். தெருவில் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. கால் பழகி விட்டால் தெருவைப் பார்ப்பான். படிப்பும் அப்படித்தான். எழுத்தில் கண் பழகினால்தான் மனம் பொருளுக்குப் போகும்.

ஏழு சகோதரிகள் கதை, சாமுவேல்ஸ் சொன்ன முறை அப்படியே அல்ல. ஒவ்வொரு புத்தகத்திலும் புது வரிகள் இருக்கின்றன. ஆனால் அதே சிறுமிகள், அதே தீவு, அதே பனி அதிபதி, அதே வகைச் சொற்கள். அடுத்து என்ன நடக்கும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். அதனால் புதுச் சொல் ஒன்று குறுக்கே வந்தாலும் குழந்தை பயப்படாது. ஊகித்துத் தாண்டி விடும்.

வேதாளம் கதையை மறந்து விட்டதா?

"ஒரே மாதிரிக் கதை" என்று பழிக்கும் பெரியவர்கள் தங்கள் சிறு வயதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போடுவான். வேதாளம் கதை சொல்லும். கேள்வி கேட்கும். அவன் பதில் சொல்வான். அது மறுபடியும் முருங்கை மரம் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் இதேதான். யாராவது சலித்துக்கொண்டார்களா? "அம்புலிமாமா" எப்போது வரும் என்று எத்தனை வீடுகளில் பிள்ளைகள் வாசலில் காத்திருந்தார்கள்!

தொடக்கமும் முடிவும் தெரிந்திருந்ததால்தான், நடுவில் வரும் புதிய கதையை மனம் நிம்மதியாக ரசித்தது.

ஏன் அக்காள் தங்கை?

பழைய கதைகளில் சகோதரிகள் என்றாலே சண்டைதான். சிண்டெரெல்லா கதையில் மாற்றாந்தாயின் மகள்கள் அவளைப் படுத்திய பாடு எல்லோருக்கும் தெரியும். கிரிம் சகோதரர்கள் சேகரித்த கதைகளில் ஒன்றில் மட்டும் இரண்டு சகோதரிகள் கைகோத்துக்கொண்டே திரிவார்கள். குளிரில் வந்த கரடிக்கு வீட்டில் இடம் கொடுப்பார்கள். அந்தக் கரடி, சாபம் பெற்ற ராஜகுமாரன்!

இன்றைய மாயக் கதைகள் இந்த இரண்டாவது வழியில் போகின்றன. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1844-ம் ஆண்டு "பனி ராணி" கதையை எழுதினார். அதில் வருகிறவர்கள் பக்கத்து வீட்டுப் பையனும் பெண்ணும். அந்தக் கதையைத் தழுவி 2013-ம் ஆண்டு "பிரோசன்" படம் வந்தபோது, அவர்கள் இடத்தில் எல்சா, அன்னா என்ற அக்காளும் தங்கையும் வந்தார்கள். அக்காளை வெட்ட வாள் ஓங்கப்படுகிறது. தங்கை குறுக்கே பாய்கிறாள். அந்த அன்புதான் மாயத்தை முறிக்கிறது. ராஜகுமாரன் அல்ல! பிறகு இந்த இருவரையும் வைத்துச் சிறுவர்களுக்கு அத்தியாயப் புத்தகங்களும் வந்தன.

வீட்டில் பொம்மைக்குச் சண்டை போடும் அக்காளும் தங்கையும் இந்தக் கதைகளைப் படிக்கிறார்கள். ஒருத்தி காணாமல் போனால் உலகத்தில் நிறமே போய் விடும் என்று படிக்கிறார்கள். எந்த நீதி போதனையும் இதை இவ்வளவு இனிமையாகச் சொல்லாது.

குறையே இல்லையா?

உண்டு. எல்லாவற்றையும் வாங்கத் தூண்டும் வியாபாரம் இதில் இருக்கிறது. ஏழில் ஆறு இருந்தால், ஏழாவதற்குக் குழந்தை அழும். ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? அதற்குத்தான் நூலகம் இருக்கிறது. இரவல் வாங்கிய தேவதையும் பறக்கத்தான் செய்கிறாள்.

"பெண் பிள்ளைகள் புத்தகம்" என்று முத்திரை குத்துவதும் தவறு. அமெரிக்காவில் மேரி போப் ஆஸ்பார்ன் 1992-ம் ஆண்டு தொடங்கிய "மாய மர வீடு" வரிசையில் எட்டு வயது அண்ணனும் ஏழு வயதுத் தங்கையும் வருகிறார்கள். அண்ணன் யோசிப்பான், தங்கை துணிந்து முன்னால் போவாள். பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற வரிசை இது. பையன்களும் ஆசையாகப் படிக்கிறார்கள். அந்தக் கதைகளில் வரும் விஷயங்களை விளக்கும் துணை நூல்களை ஆசிரியையின் சொந்தச் சகோதரி நாட்டலி போப் பாய்ஸ் எழுதி உதவினார். புத்தகத்துக்கு வெளியேயும் அக்காள் தங்கை!

இன்னொரு பயமும் உண்டு. குழந்தை அந்தப் படியிலேயே உட்கார்ந்து விட்டால்? பாலம் நடந்து போவதற்குத்தான், குடியிருப்பதற்கு அல்ல. ஆனால் குழந்தையை இழுத்துத் தள்ள வேண்டியதில்லை. பிடித்த புத்தகத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய புத்தகம் ஒன்றை வைத்தால் போதும். கண் பழகிய குழந்தை தானாகவே எடுக்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்க வேண்டும். "இன்று எந்தத் தங்கை கிடைத்தாள்?" என்று விசாரிக்க வேண்டும். தடுமாறினால் அதட்டக் கூடாது. சொல்லை எடுத்துக் கொடுத்து விட்டுக் கதையை ஓட விட வேண்டும்.

படிப்பு குறைவான தாய் என்றால் வெட்கப்படத் தேவை இல்லை. மகள் படிக்கும்போது பக்கத்தில் அமர்ந்து விரல் வைத்துக்கொண்டே போகலாம். பெரிய எழுத்தும் சின்ன வரியும் தாய்க்கும் உதவும். ஒரே புத்தகத்தில் இருவர் கற்றுக்கொள்வார்கள்.

அந்த ஏழு வயதுச் சிறுமி விளையாடி விட்டு வருவாள். மூடி வைத்த புத்தகம் அங்கேயே இருக்கும். அப்போது தாய் ஒன்றே ஒன்று சொன்னால் போதும்:

"வா, அம்மாவுக்குப் படித்துக் காட்டு."