எட்டும் மூன்றும் பதினொன்றா?

"ஆறு கைவிட்டா மழை இருக்கு, மழை கைவிட்டா ஆறு இருக்கு." எங்கள் பூதலூர் டீக்கடையில் சம்பா நேரத்தில் கேட்கிற பேச்சு இது. நானும் பல வருஷம் தலையாட்டியவன்தான். இப்போது ஒத்துக்கொள்வதில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012 முதல் 2021 வரை பத்து வருஷத்தை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012 தொடங்கி 2019 வரை ஒரு வருஷம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2017-ல் அக்டோபர் 2 ஆகிவிட்டது. ஆக, எட்டு வருஷம் ஆறு தாமதம். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது 2013, 2016, 2018 என்று மூன்று வருஷம். ஆறோ மழையோ, ஏதாவது ஒன்றாவது சறுக்கிய வருஷம் எத்தனை? எட்டும் மூன்றும் பதினொன்று என்று கூட்டத் தோன்றும். பத்து வருஷத்தில் பதினொன்று எப்படி வரும்? மழை குறைந்த அந்த மூன்று வருஷமும் முந்தைய எட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தடவை எண்ணியதை ஒரு தடவை கழித்தால் விடை எட்டு.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கழித்தலுக்குப் புவான்கரே என்ற அறிஞரின் பெயரை வைத்திருக்கிறார்கள். (எண்பதை 'நான்கு இருபது' என்று சொல்லும் மொழியில் கணக்குப் படித்தவனுக்கு வேறெதுவும் கஷ்டமில்லை!) அப்படியும் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், கூரை போனவர்கள் பட்டியலையும் மாடு போனவர்கள் பட்டியலையும் அப்படியே கூட்டி, ஊரில் இருக்கிற குடும்பங்களைவிட அதிகம் காட்டி வசவு வாங்கினேன். நல்லவேளை, அந்தத் தப்பு தாளிலேயே தெரிந்துவிடும். பெருக்கலில் வரும் தப்பு தெரியாது.

2016-ல் அதைத்தான் செய்தேன். அந்த வருஷம் செப்டம்பர் 20-ல்தான் மேட்டூர் திறந்தார்கள். அணை நிரம்பியிருக்கவில்லை. என் மைத்துனன் வந்து, "அத்தான், சம்பா விடலாமா?" என்று கேட்டான். நான் பேப்பரை எடுத்துப் போட்டேன். ஆறு பாதியில் நிற்க மூன்றில் ஒரு வாய்ப்பு. மழை பொய்க்கப் பத்தில் மூன்று. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டுமானால் பெருக்கு, பத்தில் ஒன்று. "ஒன்பது பங்கு உன் பக்கம், தைரியமா விடு" என்றேன். அவன் வீட்டுச் சங்கிலி அடகுக்குப் போனது.

அந்த வருஷம் மழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசே அறிவித்தது. கல்லணை பக்கத்திலேயே இருந்தும் மைத்துனன் வயலில் கதிர் வரவில்லை.

என் தப்பு எங்கே? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சங்கதிகளைத்தான் அப்படிப் பெருக்கலாம். இங்கே சம்பந்தம் இருக்கிறது. டெல்டாவில் மழை பெய்தால் மேட்டூரில் திறப்பைக் குறைப்பார்கள், தண்ணீர் மிச்சமாகும். மழை இல்லையென்றால் அத்தனை வயலும் ஆற்றையே நம்பும், அணை சீக்கிரம் காலியாகும். மழை பொய்த்த வருஷத்தில் ஆறு நிற்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகவா இருக்கும்? அதுவும் அரை அணையை வைத்துக்கொண்டு? ஏறக்குறைய நிச்சயம் என்றல்லவா வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் இரண்டும் போகும் வாய்ப்பு பத்தில் ஒன்று இல்லை, பத்தில் மூன்றுக்குப் பக்கம். அது தெரிந்திருந்தால் சங்கிலியைக் கொடு என்று சொல்லியிருக்க மாட்டேன். பாதி நிலத்தில் உளுந்து போடச் சொல்லியிருப்பேன்.

அதனால்தான் சொல்கிறேன், அணை திறக்கிற அன்று மலர் தூவி, இத்தனை ஆயிரம் கன அடி என்று அறிவித்தால் மட்டும் போதாது. மழையே வராவிட்டால் இந்த இருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்பதையும் அன்றைக்கே சொல்ல வேண்டும். நாற்று விடுகிறவனுக்கு வேண்டிய எண் அதுதான். நீர்வளத் துறையில் அதைப் போடத் தெரிந்தவர்கள் இல்லாமலா போய்விட்டார்கள்?

சங்கிலியை மீட்க முடியவில்லை, ஏலத்தில் போனது. மைத்துனன் இன்றைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சம்பாவைப் பற்றியும் கேட்பதில்லை.