ஃபார்முலா ஒன் உங்களுக்கு, ஹோண்டா சிட்டி எனக்கு!

ரேஸ் பார்ப்பேன்னு சொன்னா காலேஜ்ல எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "நீ ஹாமில்டன் ஆளா, வெர்ஸ்டாப்பன் ஆளா?" ரெண்டும் இல்லைங்க, எனக்கு இருங்காட்டுக்கோட்டையில ஓடற டூரிங் கார் ரேஸ்தான் பிடிக்கும்னு சொன்னா, பரோட்டா கடையில உட்கார்ந்து தயிர்சாதம் கேட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கா விளக்கி வாய் வலிச்சுப் போச்சு. அதனால மொத்தமா இங்கே கொட்டிடறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு மட்டும் ஒரு வரி. டூரிங் கார்னா, ஷோரூம்ல விக்கிற கார்தான். உள்ளே இருக்கிற சீட்டு, ஏசி, மேட் எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு, கவிழ்ந்தா கூரை நசுங்காம இருக்க இரும்புக் குழாய்ல கூண்டு கட்டி, டயர், பிரேக், சஸ்பென்ஷன் மாத்தி, என்ஜின்லயும் கொஞ்சம் கைவச்சு ஓட்டறது. வெளியில இருந்து பார்த்தா ஹோண்டா சிட்டி, எஸ்டீம், போலோ. நம்ம தெருவுல நிக்கற அதே மூஞ்சி.

சரி, மேட்டருக்கு வருவோம். நமக்கு ஊர் சோளக்காடு. காரவள்ளியில இருந்து எங்க ஊருக்கு ஏறி வர 70 கொண்டை ஊசி வளைவு. சின்ன வயசுல இருந்து பஸ் முன்சீட்டுக்குச் சண்டை போட்டு உட்கார்ந்து அந்த 70-ஐயும் பார்த்தவனுக்குச் சில விஷயம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளைவுக்கு உள்ளே போய் பிரேக் மிதிக்கக் கூடாது, முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கணும். ஏறின கியர்லயே இறங்கணும், இல்லைன்னா பாதி மலையிலேயே பிரேக் சூடாகி நாத்தம் வரும், அதுக்கப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது. சந்தையில பலாப்பழமோ வாழைத்தாரோ ஏத்தின வண்டி, காலி வண்டி மாதிரி திரும்பாது. எங்க ஊர் பஸ் டிரைவர் அண்ணன் வெளிப்பக்கம் ஒதுங்கி, உள்பக்க ஓரத்தை ஒட்டித் திருப்பி, மறுபடி வெளியே வர்றாரே, அதுக்குத்தான் ரேஸ்காரங்க 'ரேசிங் லைன்'னு பேர் வெச்சிருக்காங்க. (அண்ணன் ஹாரன் அடிச்சுட்டுத் திருப்புவார், அது ஒண்ணுதான் வித்தியாசம்.)

டூரிங் கார் ரேஸ் பார்க்கும்போது இது அத்தனையும் அங்கே நடக்கறது எனக்குப் புரியுது. பிரேக் லேட்டா பிடிச்சவன் வளைவுல அகலமாப் போறான், பின்னாடி வந்தவன் உள்பக்கம் மூக்கை நுழைக்கிறான். முன் சக்கரம் இழுக்கிற வண்டி வேகமாத் திரும்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் ஒரு சாண் தூக்கிக்கிட்டு நிக்குது. கதவோட கதவு உரசிட்டு ரெண்டு பேரும் ஓடிட்டே இருக்காங்க. ஃபார்முலா ஒன் கார்ல உரசினா இறக்கை ஒடிஞ்சிடும், ரேஸும் அத்தோட போச்சு. அந்த வண்டிங்க தரையோட ஒட்டி ஓடறதே காத்தோட அழுத்தத்தாலதான். முன்னாடி போற கார் காத்தைக் கலைச்சு விட்டுட்டா, பின்னாடி வர்ற கார் வளைவுல பிடிப்பு இல்லாமத் தடுமாறும். அதனாலதான் முந்தறதே கஷ்டம்னு ஆகி, 2011-ல இருந்து 2025 வரைக்கும் பின் இறக்கையைத் திறந்துவிடற டிஆர்எஸ்னு ஒரு ஏற்பாட்டை வெச்சிருந்தாங்க. முந்தறதுக்கு ஒரு பட்டன்! வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி இருக்கற காருக்கு அந்தக் கவலை ரொம்பக் கம்மி. ஒட்டிக்கிட்டே போகலாம்.

ஆஸ்திரேலியாவுல பாத்தர்ஸ்ட்னு ஒரு ஊர். அங்கே மவுண்ட் பனோரமான்னு ஒரு மலை. 1963-ல இருந்து அங்கேதான் அவங்க நாட்டுப் பெரிய டூரிங் கார் ரேஸ் நடக்குது. ஒரு சுற்று 6.213 கிலோமீட்டர், 161 சுற்று, மொத்தம் ஆயிரம் கிலோமீட்டர். மலை ஏறி, உச்சியில கொஞ்சம் ஓடி, வளைஞ்சு வளைஞ்சு இறங்கணும். அழகு என்னன்னா, மத்த நாள்ல அது சாதாரண பொதுரோடு. ஓரத்துல வீடுங்க இருக்கு, ஜனங்க இருக்காங்க, 60 கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாது. ஃபோர்டு ஆளா, ஹோல்டன் ஆளான்னு குடும்பம் குடும்பமாப் பிரிஞ்சு பல வருஷம் அடிச்சுக்கிட்டாங்க. தான் வீட்ல ஓட்டற வண்டி ஜெயிக்கணும்னு ஒருத்தன் கத்தறான், அவ்வளவுதான் விஷயம். ஹோல்டன் பேரையே 2020-ல மூடறதா கம்பெனி அறிவிச்சப்ப அங்கே நிறைய பேர் நிஜமாவே துக்கம் அனுஷ்டிச்சாங்க. மலைரோட்டுக்காரனான எனக்கு அந்த ரேஸ் வீடியோ பார்த்தா சொந்த ஊர் ஞாபகம் வர்றதுல ஆச்சரியம் உண்டா?

அடுத்தது காசு. (பி.காம் படிக்கிறவன் இதைத் தொடாம இருக்க முடியுமா?) ஃபார்முலா ஒன்ல ஒரு டீம் இவ்வளவுதான் செலவு செய்யலாம்னு உச்சவரம்பே 2021-லதான் வந்துச்சு. 14.5 கோடி டாலர். அன்னைய மதிப்புக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல. அதுலயும் டிரைவர் சம்பளம் சேராது! அதுக்கு முன்னாடி யார் எவ்வளவு கொட்டினாலும் கேள்வி இல்லை. பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்துல வேற மாதிரி யோசிச்சாங்க. ஜெயிச்சவன் கார்ல எடை ஏத்தி விட்டாங்க. சில வருஷம் 75 கிலோ வரைக்கும். நிறைய ஜெயிச்சா நிறைய எடை. இன்கம்டாக்ஸ் ஸ்லாப்தான், வேற என்ன! ஒரே நாள்ல மூணு ரேஸ், மூணாவதுல முன்வரிசைக்காரங்க சிலரைப் பின்னாடி தள்ளிவிட்டு வரிசையை மாத்தறது வேற. "திறமைக்குத் தண்டனையா?"ன்னு கேட்பீங்க. கேளுங்க. ஆனா யார் ஜெயிப்பான்னு தெரியாமப் பார்க்கிற சுகம் எனக்கு வேணும். 2011, 2012, 2013-னு இந்தியாவுல நடந்த மூணு ஃபார்முலா ஒன் ரேஸையும் ஜெயிச்சது ஒரே ஆள், வெட்டல்.

அந்த மூணு ரேஸ் நடந்த புத் சர்க்யூட் கிரேட்டர் நொய்டாவுல இருக்கு. மூணு வருஷத்தோட ஃபார்முலா ஒன் மூட்டை கட்டிடுச்சு, வரிப் பிரச்னை அது இதுன்னு. அதுக்கு அடுத்த வருஷம், 2014 மார்ச்ல, அதே தடத்துல என்ன ஓடுச்சு தெரியுமா? லாரி! டாட்டா பிரைமா லாரியை வெச்சு ரேஸ் நடத்தினாங்க. முதல்ல ஓட்டினது வெளிநாட்டு டிரைவர்கள். 2016-ல நம்ம ஊர் லாரி டிரைவர்களையே தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து இறக்கினாங்க. நாமக்கல் மாவட்டத்துக்காரன் நான். லாரி, டேங்கர், டிரெய்லர், பாடி கட்டற பட்டறை, பக்கத்துல திருச்செங்கோடு போனா ரிக் வண்டி, இதுக்கு நடுவுல வளர்ந்தவன். லோடு அடிக்கிற ஒரு மனுஷன் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, வெட்டல் திரும்பின அதே வளைவுல திரும்பறதைப் பார்க்கிறப்ப வர்ற சந்தோஷத்தை எந்த ஃபெராரியும் தராது. 2017-க்கு அப்புறம் அந்த ரேஸ் நடக்கலை. அதுக்காக வருத்தப்பட்டு யாரும் தலையங்கம் எழுதின மாதிரி தெரியலை.

"ஃபார்முலா ஒன்தான் உச்சம், மத்ததெல்லாம் கீழ்ப்படி"ன்னு என் வகுப்புத் தோழன் ஒருத்தன் அடிச்சுச் சொல்வான். உச்சம்தான், யார் இல்லைன்னா? ஆனா அந்த உச்சத்துக்கு நம்ம ஊர்க்காரங்க எந்தப் படியில ஏறினாங்கன்னு பார்க்கணும். கோயமுத்தூர் கரிவரதன்னு ஒருத்தர். 1980-கள் கடைசியில மாருதி 800 என்ஜினை வெச்சு ஒத்தை சீட்டு ரேஸ் கார் செஞ்சார். ஃபார்முலா மாருதி. இறக்குமதி காருக்கு வழியில்லாத நாட்டுல, பக்கத்துப் பட்டறையில பார்ட்ஸ் கிடைக்கிற ரேஸ் கார். 1995-ல விமான விபத்துல போய்ச் சேர்ந்துட்டார். அவர் பேர்லதான் செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. 2005-ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் ஆரம்பிச்சது அந்த மாருதி என்ஜின் கார்லதான். அவர் அப்பா தென்னிந்திய ராலியில பேர் வாங்கினவர். நரேன் அந்த 2005-ல அமெரிக்காவுல நாலாவதா வந்து அஞ்சு பாயிண்ட் எடுத்தப்ப ஓடினது மொத்தமே ஆறு கார்தான், மிஷெலின் டயர் தகராறுல மத்த 14 பேரும் விலகிட்டாங்க. அவர் திறமையில எனக்குச் சந்தேகமே இல்லை. கை நிறைய திறமை இருந்தும் கடைசி வரிசைக் கார்தான் கிடைச்சுதுங்கறதுதான் கடுப்பு.

நேர்மையா ஒண்ணு சொல்லிடணும். 'அடிமட்ட ரேஸ்'னு சொன்னாலும் கார் ரேஸ் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு மலிவு கிடையாது. கார், டயர், மெக்கானிக், நுழைவுக் கட்டணம்னு லட்சக்கணக்குல போகும். நம்ம நாட்டுல நிஜமான அடிமட்டம் டூவீலர்தான். கம்பெனியே பைக்கைக் கொடுத்து எல்லாரையும் ஒரே மாதிரி வண்டியில ஓடவிடற போட்டிங்க இருக்கு, டிவிஎஸ் ரொம்ப வருஷமா நடத்துது. சென்னை சரத்குமார் (நடிகர் இல்லைங்க!) 2011-ல மோட்டோஜிபி மேடையில 125 சிசி பிரிவுல ஓட்டினார், அந்த வரிசையில முதல் இந்தியர். எத்தனை பேருக்குத் தெரியும்?

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னா, ஞாயித்துக்கிழமை எங்க மலைக்கு வந்து பாருங்க. கீழே இருந்து கும்பல் கும்பலா பைக் வரும். ஹெல்மெட்ல கேமரா. 70 வளைவையும் எத்தனை நிமிஷத்துல ஏறறோம்னு போட்டி. எதிர்ல பஸ் வரும், மிளகு மூட்டை ஏத்தின டெம்போ வரும், நடந்து போற பாட்டி வருவாங்க. விழுந்து கால் ஒடிஞ்சவங்களைத் தூக்கி ஓரமா உட்கார வெச்சிருக்கேன். அவங்ககிட்ட "ரேஸ் டிராக் போயிருக்கியா?"ன்னு கேட்டா, "அது பெரிய பணக்காரங்க சமாச்சாரம் ப்ரோ"ங்கறாங்க. டிவியில அவங்க பார்த்த ஒரே ரேஸ் ஃபார்முலா ஒன். அதுக்கும் தனக்கும் சம்பந்தமில்லைன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியுது. ஆம்புலன்சும் கொடி காட்ட ஆளும் வெச்சு, எதிர்ல வண்டி வராத ஒரு இடத்துல தன் மாதிரி பசங்க ஓட்டறாங்கங்கறது தெரியலை. கரி டிராக் நாமக்கல்ல இருந்து அரை நாள் பயணம் கூட இல்லை.

2024 ஆகஸ்ட் கடைசியில சென்னை தீவுத்திடலைச் சுத்தி ராத்திரியில ரேஸ் நடந்துச்சு, மூணரை கிலோமீட்டர் தடம். எனக்கும் பெருமைதான். ஆனா ரோடு போட்ட காசுல கால்வாசி இருந்தா சேலம், ஈரோடு பக்கம் ஒரு சின்ன மண் தடம் போட்டு வருஷம் பூரா பசங்களை ஓடவிடலாமேன்னு மனசு கணக்குப் போடுது. 2025 ஜனவரியில அஜித் டீம் துபாய் 24 மணி நேர ரேஸ்ல 991 பிரிவுல மூணாவது வந்தப்ப ஊரே கொண்டாடுச்சே, அது தொழில்முறை ஆளுங்களும் ஆசைக்கு ஓட்டறவங்களும் சேர்ந்து ஓடற ரேஸ். கார் போர்ஷே 911. ஆக, நம்ம ஜனங்களுக்கே தெரியாம எல்லாரும் நம்ம கட்சிக்கு வந்துட்டாங்க, ஹிஹி.

நிற்க. அடுத்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் டெஸ்ட். அது முடிஞ்சதும் கொல்லிமலை மிளகு விலையைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன்.