தலைமேல் ஏறிய எண்ணைத் தரைக்கு இறக்குவோம்

மடக்கை வாய்பாடு மறைந்துவிட்டது. மடக்கைக் கணக்கும் அதனோடு மறையட்டும் என்கிறார்கள் நம் நண்பர்களில் சிலர். பெருக்கலையும் வகுத்தலையும் கைக்கருவி நொடியில் முடித்துவிடும்போது, லாகரிதம் என்னும் தொல்லை நமக்கு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அதில் பாதி நியாயம் உண்டு. மறுபாதிக்கு விடை கூறவே இக்கட்டுரை.

1614-இல் ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் நேப்பியர் மடக்கையை உலகுக்கு வழங்கினார். பெரும் பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றிச் சுமையைக் குறைப்பதே அவர் நோக்கம். அந்த வேலையை இன்று கருவி ஏற்றுக்கொண்டது, மகிழ்வோம். ஆனால் மடக்கைக்கு மற்றொரு வேலையும் உண்டு. நாம் தேடும் எண் அடுக்குக்குறியாக இன்னோர் எண்ணின் தலைமேல் ஏறி அமர்ந்துகொண்டால், அதைக் கீழே இறக்குவது மடக்கையே. கருவியும் அந்த வேலையை மடக்கையைக் கொண்டுதான் செய்கிறது. எந்தக் கணக்குக்கு மடக்கை வேண்டும் என்று கருவிக்குச் சொல்ல வேண்டியவர் நாம்.

இதற்குச் சான்று தேடி அயல்நாடு செல்ல வேண்டா. கோலார் தங்கவயலுக்குச் செல்வோம். மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீப் என்று சுரங்கத்தின் பெயரைச் சொன்னாலே நம் பாட்டன்மார் உழைத்த ஊர் கண்முன் வந்துவிடும். வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றோர் குடைந்த பாறை, பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. அங்கே பொன்னைத் தேடியவர்களோடு வேறொன்றைத் தேடியவர்களும் இறங்கினார்கள். அவர்கள் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து அறிவியலாளர்கள்.

வானிலிருந்து ஓயாது பொழியும் மியூவான் என்னும் துகள்கள் பாறைக்குள் செல்லச் செல்லக் குறைகின்றன. 1960-களின் தொடக்கத்தில், ஏறத்தாழ 2,750 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதக் காலம் கருவி வைத்துப் பார்த்தார்கள். ஒரு மியூவான்கூட அகப்படவில்லை! அந்த அமைதியே அவர்களுக்குப் புதையலாயிற்று. வேறு துகள்களின் இரைச்சல் இல்லாத இடத்தில்தானே நியூட்ரினோவின் மெல்லிய அடிச்சுவடு தெரியும்? ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் துணை சேர, 1965-இல் காற்றுமண்டல நியூட்ரினோவின் தடம் அச்சுரங்கத்தில் கண்டறியப்பட்டது.

இப்போது நம் கணக்கைப் போடுவோம். ஒரு கிலோமீட்டருக்குக் கீழே, ஒவ்வொரு 160 மீட்டருக்கும் மியூவான்களின் எண்ணிக்கை பாதியாகிறது என்று தோராயமாகக் கொள்வோம். அது ஆயிரத்தில் ஒரு பங்காக இன்னும் எத்தனை மீட்டர் இறங்க வேண்டும்? 2-இன் தலைமேல் 'ந' என்னும் அடுக்கு. அதன் மதிப்பு 1,000. இருபுறமும் மடக்கை எடுத்தால், ந × 0.3010 = 3. ஆகவே ந ஏறத்தாழ 10. பத்து முறை 160, அதாவது 1,600 மீட்டர். முன்னைய ஒரு கிலோமீட்டரையும் கூட்டினால் 2,600 மீட்டர்! மூன்றே வரிக் கணக்கு நம்மைச் சுரங்கத்தின் அடித்தளத்தருகே கொண்டுபோய் விடுகிறதல்லவா?

இந்தச் சுவையை நம் வகுப்பறை தருகிறதா? ‘அடுக்கைக் காண்க' என்கிறது கேள்வி. எதற்காகக் காண வேண்டும் என்று அது சொல்வதில்லை. மாணவனும் காண்கிறான்; தேர்வு முடிந்ததும் மறக்கிறான். குறை மடக்கையில் இல்லை; ஊரும் பேரும் இல்லாத கேள்வியில் இருக்கிறது.

தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. ஆய்வுக்கூடமும் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. அவ்வூர்ப் பிள்ளைகள் இன்று காண்பது சயனைடு மண்மேடுகளையும் நின்றுபோன இரும்புக் கோபுரங்களையுமே. தங்கள் பாட்டன் வெட்டிய பாறைக்குள் இத்துணை உயர்ந்த கணக்கு இருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது யார் கடமை?

நம் கடமையே என்பேன். நம் மன்றம் பேச்சுப் போட்டியோடு நின்றுவிட வேண்டா. இத்தகைய கணக்குகள் பத்தைத் தமிழில் எழுதுவோம். கோடை விடுமுறையில் தங்கவயல் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து போட்டுப் பார்ப்போம். பொன் தீர்ந்த ஊரிலும் கணக்கு தீரவில்லை. முதல் கணக்கை நான் எழுதிவிட்டேன். மீதி ஒன்பதை எழுத யார் வருகிறீர்கள்?