கரண்ட் போனா கடல் எங்கே போகும்?

சம்ப்னு சொன்னதும் தண்ணி லாரிக்காரர் குழாயை இறக்குவாரே, வாசல்ல இருக்கிற அந்தத் தொட்டியை நினைச்சுக்காதீங்க. இது கடல் மீன் தொட்டிக்கு அடியில, ஸ்டாண்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலே நெமோ சீன் போடும். குப்பை அள்ளுற வேலையெல்லாம் கீழே.

மேல் தொட்டியில வழியற தண்ணி குழாய் வழியா தானாவே சம்ப்புக்கு இறங்கும். அங்கே கண்ணாடித் தடுப்பு வெச்சு மூணு அறை. முதல் அறையில ஃபில்டர் சாக், அதாவது சாக்ஸ் மாதிரியே ஒரு துணிப்பை. மிச்சத் தீனி, கழிவு எல்லாம் இதுல சிக்கும். மூணு நாலு நாளைக்கு ஒருமுறை துவைக்கணும். ஹாஸ்டல் சாக்ஸ் மாதிரி மாசக்கணக்குல விட்டா, சிக்கின குப்பை அங்கேயே அழுகி, நைட்ரேட்டா தண்ணியிலயே கலந்துடும்.

அடுத்த அறை புரோட்டீன் ஸ்கிம்மருக்கு. பொடிப்பொடியா காத்துக் குமிழி விட்டு, அழுக்கை நுரையாக்கி ஒரு கப்புல பிடிக்கிற மெஷின். பீச்ல கரையோரம் நுரை ஒதுங்குதே, அதே டெக்னிக்தான். இது ஒழுங்கா ஓட தண்ணி மட்டம் மாறவே கூடாது. ஏறினா கப் வழியும், இறங்கினா நுரையே வராது. தடுப்போட உயரத்தை முடிவு பண்றதே ஸ்கிம்மர்தான். அதனால முதல்ல ஸ்கிம்மர், அப்புறம் சம்ப் ஆர்டர்.

கடைசி அறையில தண்ணியை மேலே ஏத்துற மோட்டார். ஆவியாகிற தண்ணி இந்த அறையிலதான் குறையும். ஈடு கட்ட உப்புத்தண்ணி ஊத்தாதீங்க பாஸ், ஆர்.ஓ. தண்ணி ஊத்துங்க. உப்பு ஆவியாகாதே!

இதெல்லாம் கடைக்காரரே சொல்வார். யாரும் சொல்லாதது, சம்ப்புல எவ்வளவு இடம் காலியா இருக்கணும்கிறது. கரண்ட் போனதும் மோட்டார் நிக்கும். தண்ணி ஏத்தின குழாயே சைஃபன் மாதிரி தண்ணியைக் கீழே இழுக்க ஆரம்பிக்கும். குழாய் வாய் தண்ணிக்குள்ள 5 செ.மீ. மூழ்கியிருக்குன்னு வைங்க. 90-க்கு 45 செ.மீ. தொட்டியில அது 20 லிட்டர். கீழே 60-க்கு 30 செ.மீ. சம்ப்புன்னா மட்டம் 11 செ.மீ. ஏறும். விளிம்பு வரை ரொப்பியிருந்தா மிச்சம் தரையில. பக்கத்துலயே ஜங்ஷன் பாக்ஸ் கிடந்தா? உப்புத்தண்ணியில கரண்ட் ஜோரா பாயும். ஆபத்து மீனுக்கு மட்டுமில்ல. கரண்ட் திரும்பினா மோட்டார் அறையில தண்ணி பத்தாது. மோட்டார் காலி.

இதுக்கு வழி சிம்பிள். குழாயில தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே சின்ன ஓட்டை போடுங்க. மட்டம் அதுவரை இறங்கினதும் காத்து புகுந்து சைஃபன் அறுந்துடும். பாசி அடைக்கும், வாராவாரம் குத்தி விடணும். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீங்க, உப்புப் படிஞ்சா மூடாது. ஜங்ஷன் பாக்ஸை சுவத்துல உயரத்துல மாட்டுங்க. வயர் ஒரு வளைவா கீழே தொங்கி மேலே ஏறட்டும். வழியற சொட்டு பிளக் வரைக்கும் போகாது.

மீன் விடுறதுக்கு முன்னாடியே மோட்டார் ஸ்விட்சை ஆஃப் பண்ணி, சம்ப்புல தண்ணி எதுவரை ஏறுதுன்னு பாருங்க. விளிம்பைத் தொட்டுச்சுன்னா தண்ணியைக் குறைச்சுட்டு மறுபடி ஆஃப் பண்ணிப் பாருங்க. சரியா வந்ததும், மோட்டார் ஓடும்போது தண்ணி நிக்கிற இடத்துல மார்க்கரால ஒரு கோடு. வீட்டுல யார் தண்ணி ஊத்தினாலும் அந்தக் கோட்டுக்கு மேல போகக் கூடாது. நெமோ வாங்க அப்புறமா போகலாம்.