மவுன்டன் பைக் பந்தயப் படம்: எல்லாம் கேமரா செய்யுமா?

சேறு தெறிக்கிறது, இரண்டு சக்கரமும் அந்தரத்தில் நிற்கின்றன, வீரரின் தலை அடுத்த வளைவை நோக்கித் திரும்பியிருக்கிறது. இப்படி ஒரு படம் டைம்லைனில் வந்தால் கீழே முதல் கேள்வி, ‘என்ன கேமரா பாஸ்?’

கேள்வியில் தப்பில்லை. இத்தாலியின் வால் டி சோலேயில் உலகக் கோப்பை டவுன்ஹில் பந்தயம் நடக்கும் பாதைக்கு ‘பிளாக் ஸ்னேக்’ என்று பெயர். வேரும் பாறையுமாக, மரங்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும். இப்படிப்பட்ட காட்டுக்குள் பகலிலும் வெளிச்சம் குறைவுதான். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் கடந்துவிடும். ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால் பைக் நகர்வது 1.4 செ.மீ.; 1/60 நொடி என்றால் 23 செ.மீ. கேமராவை அசைக்காமல் எடுத்தால் இரண்டாவது படம் வெறும் தீற்றல். ஷட்டரை வேகமாக்க வெளிச்சம் வேண்டும். எஃப் 2.8 லென்ஸ், எஃப் 5.6 லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இந்த இடத்தில் ‘திறமை இருந்தா போதும்’ என்பது சும்மா பேச்சு.

ஆனால் கேமரா பாடி? நொடிக்கு 20 ஃப்ரேம் எடுத்தாலும் அதே பைக் இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே 70 செ.மீ. ஓடிவிடும். முன்சக்கரம் வேரில் மோதும் கணம் அந்த இடைவெளியில் நழுவிப் போகலாம். 2023-ல் அறிமுகமான சோனி ஏ9 III நொடிக்கு 120 ஃப்ரேம் எடுக்கும்; இடைவெளி 12 செ.மீ.க்குள் வந்துவிட்டது. பெரிய பாய்ச்சல்தான். தப்பான மரத்துக்குப் பின்னால் நின்றவருக்கு அதில் 120 மோசமான படங்கள் கிடைக்கும்.

சரியான மரம் எது என்பது நடந்து பார்த்தால்தான் தெரியும். பயிற்சிக்கு முன்பு வீரர்கள் பாதையை நடந்தே பார்ப்பார்கள். நல்ல போட்டோகிராபரும் நடப்பார். எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், எந்த வேரைத் தாண்டிக் குதிக்கிறார்கள், யார் உள்வளைவில் நுழைகிறார் என்பதைப் பயிற்சி ஓட்டத்திலேயே குறித்துக்கொள்வார். பைக் சறுக்கினால் தன் மேல் வந்து விழாத இடமாகவும் பார்க்க வேண்டும். பந்தயத்தில் வீரர்கள் ஒவ்வொருவராகத்தான் வருவார்கள்; ஒருவர் கண்ணில் படுவது ஓரிரு நொடி. குறுக்கே ஆடும் இலையில் ஆட்டோஃபோகஸ் ஒட்டிக்கொண்டால் போச்சு. அதனால் அந்த வேரிலேயே முன்கூட்டி ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கும் பழைய வழி இன்னும் உதவுகிறது.

அந்த 1/60 நொடிக்கும் வேலை உண்டு. பைக்கோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பினால் மரங்கள் கோடுகளாக ஓட, வீரர் மட்டும் தெளிவாக நிற்பார். பத்துக்கு ஒன்பது சொதப்பும். பழகப் பழகத்தான் கை வரும்.

இஎம்ஐயில் புது பாடி வாங்க யோசிப்பவர் பழைய பாடியையே வைத்துக்கொண்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு 70-200 எஃப் 2.8 தேடலாம். மிச்சக் காசில் சேற்றில் வழுக்காத ஒரு ஜோடி ஷூ.